கடல் பார்த்த அறையில் கிறிஸ்மஸ்

டிசம்பர் 2

நாளைக்கு வாலாஜாபாத்திலிருந்து மணியம்மாள் வருகிறார். என் பேரன் விஷாலுக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணின் அம்மா. எதை முதலில் சொல்வது, எதைப் பலகாரம் வைத்த பிறகு சொல்வது என்று இப்போதே எழுதி வைக்கிறேன். போன மாதம் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பேச்சு வேகத்தில் பேத்தி அபிநயா வாங்கிய கோப்பையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

முதலில் விஷால். மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் பெரிய ஓட்டலில் மேனேஜர். மூன்று வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். கறுப்புக் கோட்டும், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டையும் போட்டு அவன் எடுத்து அனுப்பிய போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். இந்தக் காஞ்சிபுரத்தில் கோட்டு போடுகிறவர்கள் யார்? கோர்ட்டில் வக்கீல், கல்யாணத்தன்று மாப்பிள்ளை. வாரம் முழுக்கப் போடுகிறவன் என் பேரன் ஒருவன்தான்.

அடுத்து அவன் தங்கை அபிநயா. இன்ஜினியரிங் கடைசி வருஷம், கம்ப்யூட்டர். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலில் வந்தது ஹெட்மாஸ்டர் மகள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோ-கோவில் மாவட்டக் கோப்பை. என் தங்கை பேரன் குரு ரயில்வேயில். என் மகன் அருள் டிரான்ஸ்போர்ட்டில், இந்த மாதம் நாக்பூர் பக்கம்.

மருமகள் கண் மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளையும் நான்தான் வளர்த்தேன். இதை நானே சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணியை அந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லுவாள்.

என் படிப்பு அஞ்சாவது. கேட்டால் மட்டும்.

டிசம்பர் 3

கேட்கவில்லை.

மணியம்மாள் வந்ததும் போட்டோவைத்தான் பார்த்தார். "இவருதாங்களா மாப்ள? போன்ல பாக்கறத விட இதுல நல்லா இருக்காரு." "ஓட்டல் மேனேஜரு, அந்த டிரஸ்ஸுதான் போடணும்னு ரூலு" என்றேன். ரூல் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

அவர்களுக்கு வாலாஜாபாத்தில் ரைஸ் மில். மகள் சத்யப்ரியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல குடும்பம், நம் சபைதான், அதிகம் பேசாதவர்கள். நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நீங்க என்ன வேலைல இருந்தீங்கம்மா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல. இருபத்தேழு வருஷம்."

"டீச்சரா? அதான், பேச்சுல தெரியுது."

நான் இன்னும் இரண்டு முறுக்கு வைத்தேன்.

கிருஷ்ணவேணி நேரத்துக்கு வந்தாள். பதினாலு வருஷத்தைப் பன்னிரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டாள். போகட்டும்.

டிசம்பர் 6

போதகர் ஐயா ஓலைக்கான பாரம் கொடுத்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று மூன்று ஞாயிறு சபையில் ஓலை படித்தால்தான் கல்யாணம். பெயர், அப்பா பெயர், சபை, வயது, தொழில். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பினேன். அபிநயா எழுதுகிறேன் என்றாள், கொடுக்கவில்லை. தொழில் என்ற கட்டத்தில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். மேனேஜர். பேனாவால்.

கிருஷ்ணவேணியின் புருஷன் பரசுராமன்தான் கல்யாணப் புடவை நெய்யப் போகிறார். சந்தன வெள்ளை, நெடுக ஜரிகை. நம் பெண்களுக்கு அதுதான் அழகு. "ஓலை படிக்கட்டும் அக்கா, அன்னிக்கே தறில பாவு ஏத்திடறேன். அதுக்கு முன்ன ஏத்த மாட்டேன். போன வருஷம் ஒருத்தருக்கு ஏத்திட்டு, கல்யாணம் நின்னு போச்சி, அந்தப் புடவை இன்னும் பொட்டில இருக்குது" என்றார். நம் வீட்டுக் கல்யாணம் எப்படி நிற்கும்?

டிசம்பர் 9

விஷால் போன். ஓலைப் பாரம் வந்துவிட்டது, நிரப்பிவிட்டேன் என்றேன். 

"என்ன எழுதின ஆயா?"

"உள்ளதத்தான்."

"கிறிஸ்மஸ் வரிக்கும் குடுக்காத. வெச்சிரு. நான் உன்கிட்ட பேசணும்."

பேசுகிறதென்றால் இப்போதே பேச வேண்டியதுதானே? மேனேஜர் வேலை, பக்கத்தில் ஆள் இருக்கும். பாரத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 19

இன்றைக்கு நடந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது.

விஷால் கூப்பிட்டான். கிறிஸ்மஸுக்கு அவன் ஓட்டலுக்கு வரச் சொல்கிறான், என்னையும் அபிநயாவையும். கடல் பார்த்த அறை. மூன்று நாள். சாப்பாடும் அங்கேயே.

"கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் போகாம எப்பிடிடா? அறுபது வருஷமா விட்டதில்ல."

"ஒரு வருஷம் ஆயா. நீ வந்து கண்ணால பாக்கணும், அதுக்குதான் கூப்பிடறேன்."

கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஆயா தன் பெருமையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை.

போதகர் ஐயாவிடம் சொன்னேன். கிருஷ்ணவேணியிடம் சொன்னேன். பால்காரரிடம், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம். கடல் பார்த்த அறை என்று எல்லோரிடமும் தனியாகச் சொன்னேன். "கடல் பாத்தா தூக்கம் வருமாக்கா?" என்றாள் கிருஷ்ணவேணி. பொறாமை.

டிசம்பர் 20

அதிரசத்துக்கு மாவு இடிக்கும்போது ஒரு யோசனை. மணியம்மாளையும் பெண்ணையும் கிறிஸ்மஸ் அன்றைக்குச் சாப்பிட அந்த ஓட்டலுக்கே வரச் சொன்னால்? மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடம். பார்க்கட்டும்.

போன் செய்தேன். வருகிறார்களாம். விஷாலிடம் சொல்லவில்லை. அவன் என்னைக் கண்ணால் பார்க்கச் சொன்னான், நான் இன்னும் நாலு கண்ணைக் கூட்டிப் போகிறேன். சந்தோஷப்படுவான்.

டிசம்பர் 22

டிவியில் ஒரு வாரமாகத் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். கடலோர மாவட்டங்களுக்குக் கனமழையாம். டிவிக்காரர்கள் எப்போது சரியாகச் சொன்னார்கள்?

டிசம்பர் 24

சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மாமல்லபுரம், அப்புறம் ஆட்டோ. மழை எங்களைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்து ஓட்டல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதிரச டப்பாவை மடியில் வைத்து, அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, நான் நனைந்தேன்.

விஷால் பின்பக்கக் கேட்டில் நின்றிருந்தான். சாதாரணச் சட்டை. கோட்டு எங்கே என்றேன். "மழைல கோட்டா ஆயா" என்றான். நியாயம். பின்வாசல் வழியாகவே அழைத்துப் போனான். மேனேஜர்களுக்கு அதுதான் வழி போலிருக்கிறது.

கடல் பார்த்த அறை என்பது உண்மை. கடல் பார்க்கத்தான் செய்கிறது. ஜன்னலில் நுரை வந்து அடிக்கிறது. நமக்குத்தான் அது தெரியவில்லை, கண்ணாடி முழுக்க வெள்ளை. சத்தம் மட்டும், யாரோ பெரிய அண்டாவைத் தரையில் இழுத்துப் போகிற மாதிரி. வராந்தாவில் கிறிஸ்மஸ் மரம் வைத்து அதன் மேல் பஞ்சைத் தூவிப் பனி என்று வைத்திருக்கிறார்கள். பஞ்சு நனைந்து கட்டி கட்டியாகக் கிடக்கிறது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாடியைப் பிழிந்துகொண்டிருந்தார். நீச்சல் குளம் எது, தோட்டம் எது என்று தெரியவில்லை.

ஓட்டலில் ஆளே இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் ரெயின்கோட்டோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள். அபிநயா ரிசப்ஷனில் கேட்டுக்கொண்டு வந்தாள். போன வாரமே, புயல் என்றதும், ரூம் போட்டவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். சமையலுக்கு வாங்கிய சாமான் வீணாகுமே என்று வேலை செய்கிறவர்களின் குடும்பத்தை வரச் சொல்லியிருக்கிறார்கள். "பேய் மழைக்கு தேங்க்ஸ் சொல்லு ஆயா, வெயில் அடிச்சிருந்தா நாம இந்த ஓட்டல் கேட்டு தாண்டியிருக்க மாட்டோம்" என்றாள். இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம்.

மேனேஜர் குடும்பத்துக்கு மட்டும் கடல் பார்த்த அறை கொடுத்திருப்பார்கள் என்றேன். அபிநயா என்னைப் பார்த்துவிட்டு டவலை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

அதே நாள், சாயங்காலம்

கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ராத்திரிக்கு வைத்திருக்கிறார்களாம். அபிநயாவுக்குத் தும்மல். வெந்நீர் வேண்டும். மணியை அழுத்தினால் மணி அடிக்கவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினேன். சமையல் வாசனை வந்த பக்கம் போனேன். ஒரு கதவைத் தள்ளினேன்.

விஷால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, நீல ஏப்ரன் கட்டி, ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மலை மாதிரி பாத்திரம்.

என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அடிப்பிடித்த இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக் கல் உப்பைத் தூவி வைத்திருந்தான். அவசரப்படாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாக வந்தான். அது யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா கண் மூடிய வருஷம், மத்தியான இடைவேளையில் வகுப்புப் பிள்ளைகள் விளையாடப் போனால் இவன் மட்டும் சத்துணவுக் கூடத்துக்கு என்னிடம் வருவான். சாம்பார் அண்டா என் கைக்கு எட்டாது. இவன் உள்ளே இறங்கித் தேய்ப்பான்.

நிமிர்ந்தான்.

"ஆயா, இங்க எதுக்கு வந்த?"

"வெந்நீரு."

சொம்பை வாங்கி, பிடித்துக் கொடுத்தான். கை சிவந்து ஊறிப் போயிருந்தது. "சூடா இருக்குது, பாத்துப் போ" என்றான். போனேன்.

மூன்று வருஷம். மேனேஜர் என்று அவன் எப்போது சொன்னான்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஓட்டல்ல வேலை ஆயா என்றான். போட்டோ வந்தது. அப்புறம் நான் கிருஷ்ணவேணியிடம் சொன்னேன். அதற்கு முன்னால் யாரும் எனக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தேன். டவர் இல்லை.

டிசம்பர் 25

விடிவதற்கு முன்னால் நானும் அபிநயாவும் அறையிலேயே ஜெபம் செய்தோம். புதுத் துணியை ஜெபித்துக் கட்டிக்கொண்டேன். எங்கே போக?

விஷால் டீ கொண்டுவந்தான்.

"கோவமா ஆயா?"

"எதுக்கு?"

"நான் சொல்லவே இல்ல ஆயா. நீதான் சொல்லிக்கினு இருந்த. வாணாம்னு ரெண்டு தபா சொன்னேன். அதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சி போச்சி. அதான் இங்க வரவெச்சி காட்டிட்டு அப்புறம் பேசலாம்னு இருந்தேன்."

"அந்தக் கோட்டு?"

"அது என்து இல்ல. ஒரு பார்ட்டிக்கு ஆளு பத்தலன்னு தட்டு எடுத்துக்கினு போகச் சொல்லிக் குடுத்தாங்க. சாயங்காலம் திருப்பி வாங்கிக்கினாங்க."

அப்போதுதான் சொன்னேன், மத்தியானம் மணியம்மாளும் பெண்ணும் வருகிறார்கள் என்று. அவன் முகம் மாறிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.  பதில் இல்லாதபோது நான் வேறு எதையாவது கேட்டுவிடுவேன், அது என் பழக்கம். கேட்டேன்.

"அந்தக் கோட்டை இன்னிக்கு மட்டும் வாங்கிப் போட்டுக்கோயேன். ரெண்டு மணி நேரந்தான். சாப்ட்டுட்டுப் போயிடுவாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"கோட்டு போட்டாத்தான் கல்யாணம்னா எனக்கு வாணாம் ஆயா. அந்த ஓலைய நீயே குடு. நீயே பண்ணிக்கோ."

டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அபிநயா போர்வைக்குள்ளிருந்து, "ஹேப்பி கிறிஸ்மஸ் ஆயா" என்றாள்.

அதே நாள், மத்தியானம்

வந்துவிட்டார்கள். இந்த மழையில் ரோடு பாதி ஆறாக இருக்கிறது, யார் வரப்போகிறார்கள் என்று கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தேன். வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். மணியம்மாள் பட்டுப் புடவை. முன்வாசல் வழியாக வந்தார், நான் இந்த ஓட்டலில் இன்னும் பார்க்காத வாசல். நான்கு அடி எடுத்து வைத்தார். சலவைக்கல், ஈரம். தொப்பென்று விழுந்தார்.

கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கினேன்.

"தள்ளுங்கப்பா, பொண்ணு நர்சு. பாரும்மா, அம்மா காலைப் பாரு."

சத்யப்ரியா உட்கார்ந்து காலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பாட்டி, நான் சீட்டு போடற கவுண்டர்ல இருக்கேன். பேரு கேட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துவேன். எனக்கு இதெல்லாம் தெரியாது பாட்டி."

எனக்குப் புரிவதற்குள் உள்பக்கக் கதவு திறந்தது. விஷால், துணியில் ஐஸைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். நீல ஏப்ரன். ரப்பர் பூட்ஸ் சலவைக்கல்லில் சதக் சதக் என்றது. மண்டியிட்டு ஐஸை வைத்துக் கட்டினான். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம், அதனால் பழக்கமாம். அதை அப்புறம் சொன்னான்.

மணியம்மாள் வலியிலும் பூட்ஸைத்தான் பார்த்தார். "என்னம்மா இது, மேனேஜரு பூட்ஸு போட்டுக்கினு இருக்காரு?"

"மழை இல்லியா, ஆளு பத்தல, அதான் மேனேஜருங்களும் எறங்கி..." என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

விஷால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. சின்ன வயசில் அண்டாவுக்குள்ளிருந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆயா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை.

"பாத்திரம் கழுவறான்" என்றேன். "மேனேஜர் இல்ல. நான்தான் சொன்னேன். அவன் சொல்லல."

மணியம்மாள் காலை மெதுவாக அவன் கையிலிருந்து இழுத்துக்கொண்டார்.

அதே நாள், சாயங்காலம்

வேன் திரும்பிப் போக வழியில்லை. பாலத்தின் மேல் தண்ணீர். கீழ் அறைகளில் கடல் தண்ணீர் வந்துவிட்டதால் அங்கே இருந்த குடும்பங்களையும் மேலே ஏற்றிவிட்டார்கள், கொடுக்க வேறு அறை இல்லை. நாலு பேரும் இந்த ஒரே அறையில். மணியம்மாள் கட்டிலில், கால் இரண்டு தலையணை மேல்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார்.

டிசம்பர் 26

மணியம்மாள் காலையிலும் சுவர் பக்கம்தான். அதிரசம் கொடுத்தேன், வாங்கி ஓரத்தில் வைத்தார். சின்னப் பெண்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மழையும் நிற்கவில்லை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் இருக்க இந்த அறையில் கடல்தான் வழி, அதுவும் தெரியவில்லை.

கடைசியில் நானே ஆரம்பித்தேன். செய்தது நான். ஆனால் வாய் என்னவோ வேறு பக்கம் போனது.

"நானாவது ஒண்ணுதான் சொன்னேன். நீங்க பொண்ணை நர்சுன்னீங்களேம்மா."

மணியம்மாள் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"நர்சுன்னு யாரு சொன்னது? பொண்ணு ஆஸ்பத்திரில இருக்குதுன்னேன். நர்சான்னு கேட்டு நீங்களே நர்சுதான்னும் சொல்லிட்டீங்க. அப்புறம் ஒரு மணி நேரம் நர்சு வேலையோட மேன்மையப் பத்திப் பேசினீங்க. நடுவுல பூந்து எப்பிடிம்மா இல்லன்றது?"

"அப்ப மில்லு?"

"மில்லுல இருக்கோம்னேன். நெல்லு அவிக்கறேன் மில்லுல. இருபது வருஷமா. உங்ககிட்ட வந்து உக்காந்த அரை மணில எங்களை மொதலாளி ஆக்கிட்டீங்க. வூட்டுக்குப் போயி எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன், இனிமே மில்லு நம்முதுன்னு. அந்த மனுஷன் சிரிச்சி சிரிச்சி..."

சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார், கோபத்தை அவ்வளவு சீக்கிரம் விடக் கூடாதென்று.

"அப்ப நீங்க? டீச்சரா, அதுவும் இல்லியா?"

சத்துணவு, என்றேன். சமையல் உதவியாளர். அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, அண்டா கழுவி, இருபத்தேழு வருஷம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் மட்டும் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சொல்லுவேன். அது பொய்யில்லை. ஆனால் யாராவது டீச்சரா என்று கேட்பார்களா என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

அப்படி நின்று பார்ப்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதியதில்லை.

மணியம்மாள் அதிரசத்தை எடுத்தார். பாதியைக் கடித்து மென்று முடித்த பிறகுதான் பேசினார்.

"நெல்லு அவிக்கறவ பொண்ணு, அண்டா கழுவறவங்க பேரன். இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் பட்டுப் பொடவை கட்டிக்கினு வந்து கால ஒடச்சிக்க வேண்டியது இல்ல." அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமாடி?"

"அவரு மொத போன்லயே சொல்லிட்டாரும்மா."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தீங்களேன்னு" என்றாள் சத்யப்ரியா. அபிநயா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மணியம்மாள் ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார். "அந்த ஓலைப் பாரத்துல மேனேஜர்னு இருந்தா நான் வர மாட்டேன். சபைக்கு முன்னாடி பொய்யி எழுதிக் குடுத்துக் கட்டி வைக்கற கல்யாணம் எனக்கு வாணாம்." நல்ல பொம்பளை. நான் அப்போதே சொன்னேனே, நல்ல குடும்பம் என்று. அது ஒன்றாவது சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் விஷால் சாப்பாடு கொண்டுவந்தான், பூட்ஸோடு. மணியம்மாள் காலை நீட்டினார். மாற்றிக் கட்டினான். எங்களுக்குள் என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "ஐஸு குளிருது, மெதுவாப்பா" என்று மணியம்மாள் அவனிடம் சொன்னார். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 27

மழை விட்டது. கிளம்புகிற நேரத்தில்தான் கடல் தெரிந்தது. பழுப்பாக, ஓட்டலின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு கிடந்தது. பார்த்தாயிற்று.

அந்தப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மறுபடி ஒரு தடவை போனேன், மணியம்மாளைத் தாங்கிக்கொண்டு. அவர் அண்டாவைப் பார்த்து, "எங்க மில்லு கொப்பரைக்குப் பாதிகூட இல்ல" என்றார். நான் விடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து அண்டாவும் இதைவிடப் பெரிசு என்றேன். இல்லை. இது பெரிசு.

டிசம்பர் 28

வீடு. விடிந்ததும் கிருஷ்ணவேணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கடல் எப்படி என்றாள். ஈரமா இருந்தது என்றேன். அவளிடம் மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். இன்றைக்கு வேண்டாம், களைப்பு.

டிசம்பர் 30

இன்றைக்கும் களைப்பு.

ஜனவரி 3

போதகர் ஐயாவிடம் வேறு பாரம் கேட்டேன். "போன மாசந்தானேம்மா ஒண்ணு வாங்கிக்கினு போனீங்க?" என்றார். தண்ணீரில் நனைந்துவிட்டது என்றேன். பொய்யில்லை. காலையில் நானே தொட்டியில் போட்டு எடுத்தேன்.

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று விஷாலைப் போனில் கேட்டேன். கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது, மேனேஜரைவிட நீளமும் கூட. அப்படி எழுதினால் தெருவில் யாருக்கும் புரியாது, நான் மறுபடி ஆரம்பித்துவிடுவேன். "தமிழ்ல எழுதறேன்டா" என்றேன். எழுதினேன். ஓட்டல் சமையல் கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை. கட்டம் பத்தவில்லை, ஓரத்தில் ஏறிப் போனது.

அப்புறம் கிருஷ்ணவேணி வீட்டுக்குப் போய், அவளும் பரசுராமனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். சத்துணவையும் சேர்த்து.

கிருஷ்ணவேணி, "சத்துணவுன்னு எனக்குத் தெரியுமேக்கா, எம் பையன் உங்க கையாலதான சாப்ட்டான்" என்றாள். இருபது வருஷமாக அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வருகிறவர்களிடம் என்னை டீச்சரம்மா என்று எனக்காகச் சொல்லியிருக்கிறாள். பொறாமைக்காரி என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

ஜனவரி 11

முதல் ஓலை படித்தார்கள்.  விஷால், தகப்பன் பெயர் அருள், காஞ்சிபுரம் சபை. சத்யப்ரியா, வாலாஜாபாத் சபை. யாருக்காவது தடை உண்டா. அவ்வளவுதான்.

தொழிலைப் படிக்கவே இல்லை. எந்த ஓலையிலும் படிப்பதில்லையாம், அது ரிஜிஸ்தருக்கு மட்டுமாம். அறுபது வருஷமாக ஓலை கேட்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. ஆராதனை முடிந்து போதகர் ஐயாவிடம், அடுத்த வாரமாவது தொழிலையும் சேர்த்துப் படிக்கக் கூடாதா என்று கேட்டேன். ஏம்மா என்றார். சும்மாதான் என்றேன்.

சாயங்காலம் பரசுராமன் பாவு ஏற்றிவிட்டார்.

ஜனவரி 19

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாக வருகிறது. சந்தன வெள்ளையில் மூன்று முழம் ஆகியிருக்கிறது. மணியம்மாள் கம்பு ஊன்றி வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னை இப்போது அக்கா என்கிறார். அந்தப் பெண்ணும் பாட்டியை விட்டுவிட்டு ஆயா என்கிறாள்.

அபிநயா மூன்று பேப்பர் பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னாள், நானாகக் கேட்காமலேயே. வீட்டில் உண்மை சொல்லும் வியாதி பரவிவிட்டது. குரு ரயில்வேயில் என்ன செய்கிறான் என்று தங்கையிடம் கேட்கவில்லை. அது அவள் வீடு. அபிநயாவின் கோப்பை நிஜம். அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்தக் கோட்டுப் போட்டோவை இறக்கிவிட்டேன். அது அவனுடைய கோட்டு இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும் ஆணியும் அதைச் சுற்றி வெள்ளைச் சதுரமும்தான் தெரிகிறது. வருகிறவர்கள் பார்க்கிறார்கள், நானும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு வராது.

அதனால் இன்றைக்கு விஷாலுக்கு ஒரு கார்டு எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், அப்புறம் நான் இப்படிச் சொல்லவில்லை என்று அவன் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு புதுப் போட்டோ எடு. நீல ஏப்ரன் கட்டிக்கொள். முழு உயரமும் வர வேண்டும், பூட்ஸ் தெரிய வேண்டும். பக்கத்தில் அந்தப் பெரிய அண்டாவை நிறுத்து, தேய்த்துப் பளபளவென்று. இந்தத் தெருவில் அவ்வளவு பெரியதை யாரும் பார்த்ததில்லை. போனில் அனுப்பினால் மாட்ட முடியாது. ஸ்டுடியோவில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.